பதினான்கு ஆண்டுகள் கழித்து மிருதங்கம்: கையைப் பழிக்கும் முன் ஸ்ருதியைப் பாருங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்துக் கோயில் பஜனைக்கு வாசித்த மிருதங்கம், நான் வேலைக்கு வெளியூர் போனதும் அலமாரி மேல் ஏறிவிட்டது. 14 ஆண்டுகள் கழித்து போன வருடம்தான் இறக்கினேன். முதல் வாரம் முழுக்க, வலப்பக்கத் தோலில் தட்டும் ‘நம்’ என்ற சொல் பேசவே இல்லை. கை போய்விட்டது என்று நினைத்து அழுகையே வந்தது. உண்மையில் போனது ஸ்ருதி.

முதலில் உலர்ந்த துணியால் துடையுங்கள். கருஞ்சோறு (வலப்பக்கத் தோலின் நடுவில் இருக்கும் கறுப்புப் பூச்சு) உதிர்ந்திருந்தாலோ வார் (இரு பக்கத் தோலையும் இழுத்துக் கட்டும் பட்டை) அறுந்திருந்தாலோ நீங்களே கை வைக்காமல், மூட்டு (தோலின் விளிம்பைச் சுற்றிய பின்னல் வளையம்) கட்டத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

சரி, ஸ்ருதி. கைபேசியில் தம்புராவை ஓடவிட்டு, வலந்தலையை, அதாவது வலப்பக்கத் தோலைச் சுற்றி ஒவ்வோர் இடமாக ‘நம்’ தட்டிக் கேளுங்கள். மூட்டில் மேலிருந்து கீழாகத் தட்டினால் ஸ்ருதி ஏறும், கீழிருந்து மேலாகத் தட்டினால் இறங்கும். இது எனக்கு நினைவிருந்தது. மறந்தது வரிசையைத்தான். பக்கத்துப் பக்கத்து இடமாகத் தட்டிக்கொண்டே போனேன். தோல் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, ஒவ்வோர் இடமும் ஒவ்வொரு ஸ்வரம் பேசியது. ஓர் இடத்தைத் தட்டினால் அடுத்தது அதற்கு நேர் எதிரே இருக்க வேண்டும். இரண்டு தட்டு, ஒரு முறை கேட்பது, மறுபடி இரண்டு தட்டு. அவசரப்பட்டால் மூட்டுத்தான் பாழாகும். இரும்புச் சுத்தியல் வேண்டவே வேண்டாம். கையில் அடங்கும் வழவழப்பான ஆற்றுக்கல்லும் ஒரு மரக்கட்டையும் போதும்.

நம் ஊரில் மத்தியானம் மழை பிடித்தால் தோல் ஈரம் வாங்கித் தளர்ந்துவிடும். காலையில் சேர்த்த ஸ்ருதி மாலைக்கு நிற்காது. வாசிக்க உட்காரும்போதே சேருங்கள். அதற்காக வெயிலில் காய வைக்காதீர்கள், தோல் வெடித்துவிடும்.

அப்புறம் தொப்பி, அதாவது இடப்பக்கத் தோல். அதன் நடுவில் ரவை அப்ப வேண்டும். கடையில் சூஜி என்று கேட்டால் தருவார்கள். பொடி ரவையாக வாங்குங்கள். நீரைத் தெளித்துத் தெளித்துப் பிசைந்து, தொப்பியின் நடுவை லேசாக ஈரமாக்கி வட்டமாக அப்புங்கள். வலந்தலையின் ஸட்ஜத்துக்கு (‘ஸ’) ஒரு ஸ்தாயி கீழே, அதாவது அடுத்த கீழ் ‘ஸ’வில் தொப்பி பேச வேண்டும். ரவை கூடினால் ஒலி இறங்கும், குறைத்தால் ஏறும். வாசித்து முடித்ததும் மறக்காமல் சுரண்டி எடுத்துவிடுங்கள். ஒரு ராத்திரி விட்டுப் பார்த்தேன்: கல் மாதிரி இறுகி, எறும்பும் வந்துவிட்டது.

இனி பாடம். ‘த தி தொம் நம்’ என்ற அடிப்படைச் சொற்கள் மட்டும், முதல் காலத்தில் (மெதுவான வேகத்தில்), தினம் 15 நிமிடம். பழைய கோர்வைகள் (கோத்து வாசிக்கும் சொற்கட்டுகள்) நாக்கில் வந்து நிற்கும். ஒரு மாதம் பொறுங்கள். ‘நம்’முக்கு மோதிர விரல் கருஞ்சோற்றின் ஓரத்தில் சும்மா படிந்திருந்தால் போதும். அழுத்தினால் நாதம் அடங்கிவிடும்.

பின்னர் சேர்த்தது: ஏர்கோன் அறையில் ரவை காய்ந்து உதிர்கிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். பாட்டுக்கு நடுவே விரலில் ஒரு சொட்டு நீர் தொட்டு, ரவையின் மேல் தடவி அழுத்திவிடுங்கள். ஒரு மணி நேர பஜனையில் எனக்கு இரண்டு முறையாவது தேவைப்படுகிறது.