பாவாடை நாடா கட்டுற இடம் இடுப்பு இல்லை

காரைக்குடியில் முப்பது வருஷமாக ரவிக்கை தைக்கிறேன். ஆச்சிமார் அளவு ரவிக்கையை நீட்டி, "கொஞ்சம் பிடிக்குது, ரெண்டு பக்கமும் பிரிச்சு விடு" என்பார்கள். நானும் பிரித்துவிடுவேன். என் ரவிக்கையையும் அப்படியே பிரித்துக்கொண்டுதான் இருந்தேன், சர்க்கரை வரும்வரை. ரத்தம் எடுத்த நர்ஸம்மா, "கழுத்திலேயே டேப்பைத் தொங்கவிட்டிருக்கீங்க, உங்க வயித்தை அளந்ததில்லையா?" என்று கேட்டார். அளந்ததில்லை. எப்படி அளப்பது என்று அன்றைக்கு அவர்தான் காட்டிக்கொடுத்தார்.

முதலில் டேப்பைச் சோதியுங்கள். துணி டேப் நாள்பட இழுபட்டு நீளும்; நீண்ட டேப் அளவைக் குறைத்துத்தான் காட்டும். பள்ளிக்கூடத்து ஸ்டீல் ஸ்கேலை ஒட்டி வைத்து 30 சென்டிமீட்டர் ஒத்துப்போகிறதா பாருங்கள். என் பழைய டேப் தேறவில்லை. எத்தனை பேருக்கு அதில் அளந்து தைத்தேனோ!

அடுத்தது இடம். இதில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். பாவாடை நாடா, வேட்டி, பேன்ட் எல்லாம் தொப்பைக்குக் கீழே இறங்கிவிடும். அங்கே அளந்தால் கணக்கு தப்பு. விலாப்பக்கம் விரலால் தடவிக் கடைசி விலா எலும்பைக் கண்டுபிடியுங்கள். கீழே இடுப்பெலும்பின் மேல் விளிம்பைத் தொடுங்கள். இரண்டுக்கும் நட்டநடுவில், துணி குறுக்கே வராமல், டேப்பைச் சுற்றுங்கள். முதுகுப்பக்கம் அது இறங்கிவிடாமல் இருக்கக் கண்ணாடி முன்னால் நிற்பது நல்லது. காலைச் சேர்த்து நின்று, சாதாரணமாக மூச்சை விட்டு, விட்ட நிலையில் படியுங்கள். வயிற்றை எக்கக் கூடாது. (அளவெடுக்கும்போது எக்காத ஆளை நான் பார்த்ததே இல்லை.) டேப் தோலை ஒட்டியிருக்கட்டும், அமுக்க வேண்டாம். இரண்டு தடவை எடுங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் மறுபடி. விருந்தில் வெள்ளைப் பணியாரமும் கந்தரப்பமும் சாப்பிட்ட கையோடு அளக்காதீர்கள், காலையில் வெறும் வயிற்றோடு அளங்கள்.

இந்த வயிற்றுச் சுற்றளவுக்கு எல்லை, நம் ஊர்ப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், அதாவது முப்பத்தொன்றரை இஞ்சு, ஆண்களுக்கு 90. அதைத் தொட்டாலே கவனம் வேண்டும்.

டேப் இல்லாத வீட்டுக்கு ஒரு நூல் போதும். கொண்டையை அவிழ்த்துவிட்டு, குதிகால் சுவரில் படும்படி நின்று, உங்கள் உயரத்துக்கு நூலை வெட்டுங்கள். அதைச் சரிபாதியாக மடித்து, மேலே சொன்ன இடத்தில் சுற்றுங்கள். இரண்டு முனையும் சேராவிட்டால் வயிற்றில் கொழுப்பு கூடுதல்.

எடைக் கணக்கும் உண்டு, பிஎம்ஐ என்பார்கள். கிலோவை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு தடவை வகுக்க வேண்டும். எடை மிஷினைப் பாய்மேல் வைக்காமல் ஆத்தங்குடிக் கல் மாதிரி கெட்டியான சமதரையில் வையுங்கள். நான் 62 கிலோ, 1.52 மீட்டர், 26.8 வந்தது. பொதுவான அட்டவணையில் 25 வரை சரி என்றிருக்கும். நம்மவர்களுக்கு அதே எடையில் வயிற்றுக்குள் கொழுப்பு அதிகம் சேர்வதால் 23-லேயே கூடுதல் எடை, 25-லேயே பருமன்.

என்னைக் கேட்டால் நூல்தான் கெட்டிக்காரத்தனமானது. எங்க வீட்டுக்காரர் 63 கிலோ, 1.68 மீட்டர். பிஎம்ஐ 22.3, பார்த்தால் ஒல்லி. "எனக்கென்ன" என்று நின்றவரைச் சுற்றினால் 92. உயரத்தில் பாதி 84-தான். சட்டைக்குள் தொப்பை ஒளிந்திருந்தது.

கர்ப்பிணிகளுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. குழந்தைகளுக்கு வயதை வைத்து வேறு அட்டவணை. எல்லை தாண்டினால் நோய் என்று அர்த்தமில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையும் பிரஷரும் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது கடை ஆணியில் ஒரு நூல்கண்டு தொங்குகிறது. போன வாரம் ஒரு ஆச்சிக்கு மடித்துச் சுற்றினேன், நாலு விரற்கடை சேரவில்லை. "நூலை மாத்துடி" என்றார். நோட்டில் ரவிக்கை அளவுக்குப் பக்கத்திலேயே அதையும் எழுதிவைத்திருக்கிறேன். தீபாவளித் துணிக்கு வரும்போது மறுபடி சுற்றுவேன்.