தூக்கம் வரலையா, தூங்கியும் டயர்டா இருக்கா? முதல்ல அதைப் பிரிச்சுப் பாருங்க

"தூக்கமே சரியில்லைங்க, என்ன பண்றது"ன்னு யாராவது கேட்டா நான் திருப்பிக் கேக்கறது ஒரே கேள்விதான். பகல்ல சும்மா உக்காந்தா கண்ணு சொருகுதா, சொருகலையா? ஏன்னா இதுல ரெண்டு ரகம் இருக்கு. ஒரு ரகத்துக்கு ராத்திரி தூக்கம் வராது, பகல்ல உடம்பு அசதியா தலை பாரமா இருக்கும், சரி கொஞ்சம் படுப்போம்னு மத்தியானம் படுத்தா அப்பவும் வராது. இன்னொரு ரகம் தலையணையில தலை வச்ச அஞ்சாவது நிமிஷம் போயிடுவாங்க, சிலர் 8 மணி நேரம்கூட தூங்குவாங்க, ஆனா காலையில அடிச்சுப் போட்ட மாதிரி எந்திரிச்சு மீட்டிங்ல, பஸ்ல, டிவி முன்னாடின்னு எங்க உக்காந்தாலும் தூங்கி வழிவாங்க. முதல் ரகம் பெரும்பாலும் இன்சோம்னியா, அதாவது தூக்கமின்மை. ரெண்டாவது ரகத்துக்கு ஒண்ணு தூங்கற நேரமே பத்தலை, இல்லன்னா தூக்கத்துல மூச்சு சரியா போகலை. ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற, இதைப் பிரிக்காம பொத்தாம் பொதுவா டிப்ஸ் தேடறதாலதான் பல பேருக்கு எதுவுமே வேலை செய்யறதில்லை.

நான் டாக்டர் கிடையாது, ரெண்டு வருஷம் ராத்திரி ராத்திரி கூரையை வெறிச்சுப் பாத்துட்டுக் கிடந்த ஆளு, அவ்வளவுதான். நானும் மெத்தை மாத்தினேன், தலையணை மாத்தினேன், ஜன்னலுக்கு கருப்புத் திரை போட்டேன், ஒரு மண்ணும் நடக்கலை. கடைசில எது வேலை செஞ்சதுன்னு கீழ சொல்றேன்.

எத்தனை மணி நேரம் தூங்கணும்?

பெரியவங்களுக்கு 7 மணி நேரமோ அதுக்கு மேலயோ. 13லேர்ந்து 18 வயசு வரைக்கும் 8 முதல் 10, 6லேர்ந்து 12 வயசு பசங்களுக்கு 9 முதல் 12. அதனால உங்க வீட்டுல காலேஜுக்குப் போகப்போற பிள்ளை லீவு நாள்ல 10 மணி வரைக்கும் தூங்கினா அது எல்லாமே சோம்பேறித்தனம்னு நினைக்காதீங்க, அந்த வயசுல உடம்புக் கடிகாரமே கொஞ்சம் பின்னாடி தள்ளித்தான் ஓடும். 8ங்கறது ஒண்ணும் மந்திர நம்பர் இல்ல, 7 மணி நேரம் தூங்கி பகல் முழுக்க தெளிவா இருந்தா பிரச்சனையே இல்ல.

இன்னொண்ணு, நடு ராத்திரி முழிப்பு வர்றது நோய் இல்ல. தூக்கம் ஒரே நீளமா போறதில்ல, சுமார் 90 நிமிஷத்துக்கு ஒரு சுத்துன்னு ராத்திரிக்கு 4லேர்ந்து 6 சுத்து ஓடும், சுத்துக்கு நடுவுல சின்னச் சின்ன முழிப்பு எல்லாருக்கும் உண்டு, காலையில அது ஞாபகம் இருக்காது. ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் முதல் பாதியிலேயே முடிஞ்சுடும், விடியற நேரத்துல கனவுத் தூக்கம்தான் ஜாஸ்தி. அதனாலதான் 4 மணிக்கு மேல ஒரு சின்ன சத்தம் கேட்டாலும் முழிச்சுக்கறோம். முழிச்சதுல தப்பில்ல, முழிச்ச உடனே "ஐயோ மணி என்ன, இன்னும் எத்தனை மணி நேரம் இருக்கு"ன்னு கணக்குப் போடறோம் பாருங்க, அங்கதான் ஆரம்பிக்குது வில்லங்கம். கடிகாரத்தைத் திருப்பி வைங்க. மொபைலை கைக்கு எட்டாத இடத்துல வைங்க.

தூக்கம் எப்படித்தான் வருது?

பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாதுன்னு பெரியவங்க சொன்னதுல பாதி சயின்ஸ் அடங்கியிருக்கு. முழிச்சிருக்கற ஒவ்வொரு மணி நேரமும் மூளையில அடினோசின்னு ஒரு பொருள் சேந்துட்டே வரும், அது சேரச் சேர தூக்கப் பசி ஏறும், தூங்கினா கரையும். காபியில இருக்கற கஃபீன் அந்த அடினோசின் உக்கார வேண்டிய சீட்டுல போய் உக்காந்துக்கும், அதனால பசி இருந்தும் தெரியாது. குடிச்ச கஃபீன்ல பாதி வெளிய போகவே சுமார் 5 மணி நேரம் ஆகும், சிலருக்கு இன்னும் ஜாஸ்தி. 2013ல வந்த ஒரு ஆய்வுல, படுக்கறதுக்கு 6 மணி நேரம் முன்னாடி 400 மில்லிகிராம் கஃபீன் எடுத்தவங்களுக்கே தூக்கம் 1 மணி நேரத்துக்கு மேல குறைஞ்சுது. எனக்கெல்லாம் காபி குடிச்சாலும் தூக்கம் வரும்னு சொல்ற ஆளுங்களுக்கு தூக்கம் வரும்தான், அது எவ்வளவு ஆழமா இருக்குங்கறதுதான் கேள்வி. மத்தியானத்தோட நிறுத்திக்கங்க.

இந்தப் பசி ஒரு பக்கம்னா, மூளைக்குள்ள ஓடற கடிகாரம் இன்னொரு பக்கம். அதுக்கு சாவி கொடுக்கறது வெளிச்சம், முக்கியமா காலை வெளிச்சம். எந்திரிச்ச ஒரு மணி நேரத்துக்குள்ள வெளிய போய் 20, 30 நிமிஷம் நடந்துட்டு வாங்க, மேகமூட்டமா இருந்தாலும் பரவாயில்ல, வீட்டு லைட்டை விட அது பல மடங்கு வெளிச்சம்.

தினமும் ஒரே நேரத்துல படுக்கணுமா?

இல்ல, ஒரே நேரத்துல எந்திரிக்கணும். எல்லாரும் இதைத் தலைகீழா பண்றாங்க. தூக்கம் எப்ப வரும்ங்கறது நம்ம கையில இல்ல, ஆனா எந்திரிக்கறது நம்ம கையில இருக்கு, அலாரம் இருக்கு. நேத்து ராத்திரி 3 மணிக்குத்தான் தூங்கினேன்னு இன்னைக்கு 10 மணி வரைக்கும் இழுத்தா இன்னைக்கு ராத்திரிக்கான பசி குறையும், திரும்ப 3 மணி ஆகும், அப்படியே ஓடும்.

என்னைத் தூக்கி நிறுத்தின விஷயம் இதுதான், இதை மட்டும் கொஞ்சம் நிறுத்தி நிதானமா படிங்க. தூக்கம் வராதவங்க எல்லாரும் பண்ற தப்பு என்னன்னா, சீக்கிரம் படுத்தா கொஞ்சமாவது கூட கிடைக்காதான்னு 9 மணிக்கே போய்ப் படுக்கறது. அப்படிக் கிடந்து கிடந்து கட்டிலைப் பாத்தாலே மூளை "ஓ கவலைப்பட வேண்டிய இடம் வந்தாச்சு"ன்னு பழகிடுது. சோபாவுல உக்காந்தா கண்ணு சொக்கும், கட்டிலுக்குப் போனா பளிச்சுன்னு முழிப்பு வரும், இது நடந்திருக்கா உங்களுக்கு? இதை மாத்தறதுக்கு ரிச்சர்ட் பூட்சின்ங்கற உளவியலாளர் 1972லயே வழி சொல்லிட்டார். தூக்கம் கண்ணைக் கட்டினா மட்டும் கட்டிலுக்குப் போங்க. ஒரு 15, 20 நிமிஷம் ஆயிடுச்சுன்னு தோணினா (மணி பாக்கக் கூடாது, குத்துமதிப்பாத்தான்) எந்திரிச்சு வேற ரூமுக்கோ நாற்காலிக்கோ போயி மங்கலான வெளிச்சத்துல போரடிக்கற புக் எதையாவது படிங்க, துணி மடிங்க, கண்ணு சொக்கினா திரும்பி வாங்க, வரலையா மறுபடியும் எந்திரிங்க. முதல் வாரம் நாலஞ்சு தடவை நடக்கணும், எரிச்சலா வரும், நான் துணியை மடிச்சு திரும்ப கலைச்சு மடிச்சிருக்கேன். கட்டில்ல மொபைல், லேப்டாப், ஆபீஸ் வேலை, சண்டை எதுவும் வேண்டாம்.

இதோட சேர்த்து பண்ற இன்னொண்ணு, 1987ல ஆர்தர் ஸ்பீல்மேனும் அவரு கூட இருந்தவங்களும் எழுதின முறை, கட்டில்ல கிடக்கற நேரத்தையே குறைக்கறது. கேக்க பைத்தியக்காரத்தனமா இருக்கும். முதல்ல 2 வாரம் ஒரு நோட்டுல எப்ப படுத்தேன், சுமாரா எப்ப தூங்கினேன், எப்ப எந்திரிச்சேன்னு எழுதுங்க. 11 மணிக்குப் படுத்து 7 மணிக்கு எந்திரிச்சு நடுவுல தூங்கினது அஞ்சரை மணி நேரம்னு வைங்க, 8 மணி நேரத்துல அஞ்சரைன்னா சுமார் 69 சதவீதம். இப்ப காலையில எந்திரிக்கறது 6 மணிக்குன்னு முடிவு பண்ணிட்டு ராத்திரி பன்னெண்டரைக்குத்தான் படுக்கறது, அதுக்கு முன்னாடி என்ன ஆனாலும் படுக்கறதில்ல. ஒரு வாரத்துக்குள்ள தூக்கப் பசி ஏறி கிடக்கற நேரத்துல பெரும்பகுதி தூக்கமாவே போக ஆரம்பிக்கும். 85 சதவீதத்தைத் தாண்டினா படுக்கற நேரத்தை வாரத்துக்கு 15 நிமிஷம் முன்னாடி தள்ளி, கொஞ்சம் கொஞ்சமா உங்களுக்கு எவ்வளவு வேணுமோ அங்க போய் நிக்கலாம். 5 மணி நேரத்துக்குக் கீழ மட்டும் போகாதீங்க. முதல் ரெண்டு வாரம் பகல்ல தூங்கி வழியும், அப்ப வண்டி ஓட்டறதுல ரொம்ப ஜாக்கிரதை, 17 மணி நேரம் தொடர்ந்து முழிச்சிருந்தாலே ரத்தத்துல 0.05 சதவீதம் ஆல்கஹால் இருக்கற ஆளு அளவுக்கு நிதானம் குறையும்னு சோதிச்சே பாத்திருக்காங்க. வலிப்பு, பைபோலார், தூக்கத்துல நடக்கற பழக்கம், வைத்தியம் பண்ணாத ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு போறது) இதெல்லாம் இருக்கறவங்க இதைத் தானா பண்ணவே கூடாது, டாக்டர் கூட இருந்துதான்.

இந்த ரெண்டையும், தூக்கத்தைப் பத்தின பயத்தை மாத்தறதையும் சேத்து ஒரு பொட்டலமா கட்டினதுக்குப் பேருதான் சிபிடி-ஐ, தூக்கமின்மைக்கான மாத்திரை இல்லாத மனப்பழக்க வைத்தியம். வாரத்துக்கு 3 நாளாவது, 3 மாசத்துக்கு மேல தூக்கம் இல்லன்னா அது நாள்பட்ட இன்சோம்னியா, அதுக்கு முதல் வைத்தியம் மாத்திரை இல்ல இதுதான்னு அமெரிக்க டாக்டர்கள் சங்கமான அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2016லயே சொல்லியாச்சு.

அப்ப மாத்திரை?

ஒரு துக்கம், ஒரு ஆபரேஷன், அந்த மாதிரி நேரத்துல டாக்டர் சில நாளுக்குக் கொடுத்தா தப்பில்ல. மாசக்கணக்குல போனா பழகிடும், டோஸ் ஏறும், வயசானவங்க ராத்திரி எந்திரிச்சு விழுந்து எலும்பை முறிச்சுக்கற ஆபத்தும் இருக்கு. ஸோல்பிடெம் மாதிரி மாத்திரை போட்டு தூக்கத்துலயே நடந்து, வண்டி ஓட்டி அடிபட்டவங்க இருக்காங்கன்னு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2019ல மருந்துக் குறிப்புல பெட்டி கட்டி எச்சரிக்கை போடச் சொல்லுச்சு. ரொம்ப நாளா போடறவங்க இதைப் படிச்சுட்டு இன்னைக்கே நிறுத்திடாதீங்க, திடீர்னு விட்டா இன்னும் மோசமாகும், டாக்டர் சொல்ற மாதிரி படிப்படியா குறைக்கணும். மெலடோனின் அந்த மாதிரி அடிச்சுப் போடற மருந்து இல்ல, உடம்புக்கு ராத்திரி ஆயிடுச்சுன்னு சொல்ற சிக்னல், ஜெட் லாகுக்கும் 3 மணிக்கு முன்னாடி தூக்கமே வராத ஆந்தை ஆளுங்களுக்கும்தான் நல்லா உதவும்.

சரக்கு ஒரு ரவுண்டு போட்டா தூக்கம் வருமே? வரும், சீக்கிரமாவே வரும், ஆனா ரெண்டாம் பாதி துண்டு துண்டா போகும், கனவுத் தூக்கம் அடிபடும், குறட்டை ஜாஸ்தியாகும்.

குறட்டை விட்டா நல்லா தூங்கறதா அர்த்தமா?

இல்லவே இல்ல, இதை மட்டும் சீரியஸா எடுத்துக்கங்க. சத்தமா குறட்டை, திடீர்னு அமைதி, அப்புறம் திணறி ஒரு இழுப்பு, மறுபடி குறட்டை. அந்த அமைதியிலதான் தொண்டை மூடி மூச்சு நிக்குது, இதுதான் ஸ்லீப் ஆப்னியா. 10 செகண்டாவது மூச்சு நின்னாலோ ரொம்பக் குறைஞ்சாலோ அதை ஒண்ணுன்னு கணக்கு வச்சு மணிக்கு எத்தனைன்னு பாப்பாங்க, 5லேர்ந்து ஆரம்பம், 15க்கு மேல நடுத்தரம், 30 தாண்டினா தீவிரம். சம்பந்தப்பட்ட ஆளுக்கு இது எதுவும் தெரியாது, பக்கத்துல படுக்கறவங்களுக்குத்தான் தெரியும். பிரஷர் கட்டுப்படலை, காலையில தலைவலி, ராத்திரி அடிக்கடி யூரின், கழுத்து 40 செமீக்கு மேல, வயசு 50 தாண்டியாச்சு, இதுல ரெண்டு மூணு சேந்திருந்தா ஸ்லீப் டெஸ்ட் கேளுங்க. ஒல்லியா இருக்கறவங்களுக்கும் வரும், மெனோபாஸுக்கு அப்புறம் பெண்களுக்கும் ஜாஸ்தியாகும். வைத்தியம் சிபேப்னு ஒரு மெஷின், 1981ல ஆஸ்திரேலியாவுல காலின் சல்லிவன் முதல்ல எழுதினது, மாஸ்க் வழியா காத்தை லேசா அழுத்தி தொண்டை மூடாம பாத்துக்கும். முதல் சில நாள் மாஸ்க் எரிச்சலாத்தான் இருக்கும், பல பேரு அங்கயே தூக்கி மூலையில போட்டுடறாங்க, மாஸ்க் சைஸ் மாத்திக் கேளுங்க, விட்டுடாதீங்க. லேசா இருந்தா எடை குறைக்கறதும், மல்லாக்கப் படுக்காம ஒருக்களிச்சுப் படுக்கறதும் உதவும்.

சாயங்காலம் ஆனா காலுக்குள்ள குறுகுறுன்னு, அசைச்சாத்தான் நிம்மதின்னு இருந்தா அது ரெஸ்ட்லெஸ் லெக்ஸ். வெறும் ஹீமோகுளோபின் பாத்துட்டு விடாம ஃபெரிட்டினும் (உடம்புல இரும்புச் சத்து இருப்பைக் காட்டற ரத்த டெஸ்ட்) பாக்கச் சொல்லுங்க, அது 75க்குக் கீழ இருந்தா இரும்புச் சத்து கொடுக்கலாமான்னு டாக்டர் யோசிப்பாங்க. சில சளி, அலர்ஜி மாத்திரைகள் இதைக் கிளப்பி விடும்.

முழிச்சாச்சு ஆனா கை கால் அசையலை, நெஞ்சு மேல யாரோ உக்காந்திருக்காங்க, அதான் அமுக்குவான் பேய்னு சொல்வோமே, அது பேயும் இல்ல பிசாசும் இல்ல. கனவுத் தூக்கத்துல நாம கை கால் ஆட்டிடக் கூடாதுன்னு மூளை தசையையெல்லாம் லாக் பண்ணி வைக்கும், நாம முழிச்சும் அந்த லாக் சில செகண்டு விடாம இருக்கறதுதான் அது. தூக்கம் கெட்ட வாரத்துலயும் மல்லாக்கப் படுத்தாலும் ஜாஸ்தி வரும். அதுக்கு நேர் எதிரா, லாக் ஆகாம கனவுல வர்ற அடிதடியை நிஜமாவே பக்கத்துல இருக்கறவங்க மேல இறக்கற நடுத்தர வயசுக்காரங்க இருந்தா நரம்பு டாக்டரைப் பாக்கணும், சிலருக்கு அது பல வருஷம் கழிச்சு வர்ற பார்க்கின்சனோட முன்னறிகுறியா இருக்கும்.

சிரிச்சா, கோபப்பட்டா முழங்கால் தொய்யுது, பகல்ல தடுக்க முடியாத தூக்கம்னா நார்கோலெப்சிங்கற தூக்க நோயா இருக்கலாம், இதுக்கும் டெஸ்ட் உண்டு.

டாக்டர்கிட்ட போகும்போது அந்த 2 வார நோட்டு, நீங்க போடற எல்லா மாத்திரையோட லிஸ்ட் ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க. வாட்ச்ல வர்ற ஸ்லீப் ஸ்கோரை நம்பி உக்காராதீங்க, அதுக்கு நீங்க அசையாம கிடக்கறதும் தூங்கறதும் பல நேரம் ஒண்ணுதான். குறட்டைன்னா வீட்டுல யாரையாவது ராத்திரி ஒரு 2 நிமிஷம் வீடியோ எடுக்கச் சொல்லுங்க. "நான் எங்க குறட்டை விடறேன்"னு சண்டை போடறவங்களுக்கும் சேத்துத்தான் அந்த வீடியோ.