கோணல் சுவரைக் கோணலாகவே வரையுங்கள்: ஜார்ஜ் டவுன் வீட்டுக்கு டிஜிட்டல் மாதிரி

தம்பு செட்டித் தெரு, பவளக்காரத் தெரு பக்கத்து மெட்ராஸ் டெரஸ் (மரக் கட்டைமேல் செங்கல் அடுக்கிய மொட்டைமாடிக் கூரை) வீடுகளில் மூலைமட்டம் சரியாக உட்காரும் மூலை அபூர்வம். சுவர் கொஞ்சம் சாய்ந்திருக்கும், காறை ஒரு பக்கம் புடைத்திருக்கும். கட்டடத்தை முப்பரிமாண மாதிரியாக வரையும் பிம் (BIM) மென்பொருளோ எல்லாச் சுவரையும் நேராக, ஒரே தடிமனில்தான் வரையப் பார்க்கும். அந்தச் சாய்வில்தான் வீட்டின் நோய் தெரியும். அதை நிமிர்த்தி வரைந்தால் ஆவணமே பொய்.

முதலில் காகிதமும் டேப்பும். அறைக்கு எண், சுவருக்கு எழுத்து கொடுத்துக் கைப்படம் போடுங்கள். 3அ என்றால் மூன்றாம் அறையின் தெருப்பக்கச் சுவர். பிறகு எடுக்கும் புகைப்படமும் லேசர் ஸ்கேனும் (சுவரைப் புள்ளி புள்ளியாக அளப்பது) இதே பெயரில் போகட்டும். இதைத் தவிர்த்தால் இரண்டாயிரம் படங்களில் எது எந்தச் சுவர் என்று எடுத்தவருக்கே தெரியாது.

முகப்பை ஞாயிறு விடியலில் முடித்துவிடுங்கள். கடை திறந்துவிட்டால் தங்கசாலைத் தெருவில் முக்காலி வைக்க இடமிராது. உள்ளே ஒவ்வொரு வாசற்படியிலும் ஒரு ஸ்கேன் கட்டாயம். இரண்டு அறைகளைப் பிணைப்பது அதுதான். இந்த வீடுகள் ஒடுங்கி நீண்டவை. முன்வாசலில் தொடங்கிக் கொல்லையில் நிறுத்திவிட்டால் சிறு பிழைகள் சேர்ந்து பின்சுவர் திரும்பி நிற்கும். மாடி வழியாகச் சுற்றி முன்வாசலுக்கே வந்து ஸ்கேன் வரிசையை முடியுங்கள். டோட்டல் ஸ்டேஷனால் (கோணமும் தூரமும் அளக்கும் கருவி) அளந்த குறிப்புப் புள்ளிகள் தளத்துக்குக் குறைந்தது நான்கு இருக்கட்டும். ஸ்கேன்களை இணைக்கும்போது வரும் பிணைப்புப் பிழை 5 மி.மீட்டரைத் தாண்டினால் மறுபடி எடுப்பதே மேல். நிலைக்கண்ணாடியைத் துணியால் மூடுங்கள். இல்லையேல் சுவருக்குப் பின்னால் இல்லாத அறை ஒன்று முளைக்கும்.

காறை வேலைப்பாட்டுக்குப் புகைப்பட அளவை (பல படங்களிலிருந்து வடிவத்தைக் கணக்கிடுவது) நல்லது. 6 மைக்ரான் பிக்சல், 24 மி.மீ. லென்ஸ், 4 மீட்டர் தூரம் என்றால் ஒரு பிக்சல் சுவரில் 1 மி.மீ. அடுத்தடுத்த படங்கள் 70 முதல் 80 சதவீதம் மேற்பொருந்த வேண்டும். ஜூம் நடுவில் மாறக்கூடாது. வெயில் நேராக விழும் நேரம் வேண்டாம். டிரோன் ஆசை வந்தால், எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தை முதலில் பாருங்கள். துறைமுகம் பக்கத்திலேயே இருக்கிறது. பல நேரம் எதிர்வீட்டு மொட்டைமாடியும் நீளக் கம்பில் கட்டிய கேமராவுமே போதும்.

1:50 வரைபடத்தில் 0.25 மி.மீ. கோடு, கட்டடத்தில் 12.5 மி.மீ. ஆகவே 10 மி.மீட்டருக்கு மேற்பட்ட சாய்வையும் புடைப்பையும் மாதிரியில் வடியுங்கள். அதற்குக் குறைந்ததைக் குறிப்பில் எழுதினால் போதும். மாதிரியையும் ஸ்கேன் தந்த புள்ளித்திரளையும் கிளவுட்கம்பேர் மென்பொருளில் ஒப்பிட்டால் எங்கே நிமிர்த்திவிட்டீர்கள் என்று வண்ணத்தில் தெரியும்.

கூரைத் தளத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். மெட்ராஸ் டெரஸை ஒற்றைப் பலகையாக வரைந்துவிட்டால் பழுதுபார்க்க உதவாது. கீழே மரக் கட்டைகள், அவற்றின் மேல் குறுக்குச் சாய்வாகப் பக்கவாட்டில் நிறுத்திய சிறு செங்கல் (சுமார் 150 × 75 × 25 மி.மீ.), அதற்கு மேல் சுண்ணாம்பில் கலந்த செங்கல் ஜல்லி, உச்சியில் தட்டோடு. அடுக்குகளைத் தனித்தனியாக வரையுங்கள். ஒவ்வொரு கட்டைக்கும் தனி எண் வேண்டும். மழைநீர்த் தூம்பு அடைத்த இடத்தில் கட்டையின் முனை சுவருக்குள்ளேயே மக்கும். அந்த முனையை எந்த ஸ்கேனரும் பார்ப்பதில்லை. ஊசியால் குத்தி, ஈரமானியில் படித்து, அந்த அளவைக் கட்டையின் எண்ணோடு சேர்த்துவிடுங்கள். ஒழுகலுக்காகப் பிற்காலத்தில் சிமென்ட் கான்கிரீட் போட்டிருந்தால் அதையும் தனி அடுக்காகவே காட்டுங்கள். 50 மி.மீ. கனத்துக்குச் சதுர மீட்டருக்கு 120 கிலோ. 3 × 6 மீட்டர் அறையில் இரண்டு டன்னுக்கு மேல். கட்டைகள் வளைந்த காரணம் பெரும்பாலும் அங்கேதான்.

ஒவ்வொரு உறுப்புக்கும் 'அளந்தது', 'பார்த்தது', 'ஊகம்' என்ற மூன்றில் ஒன்றைப் பண்பாக (மாதிரியில் உறுப்போடு சேமிக்கும் தகவல்) சேர்த்துவிடுங்கள். பொதுச்சுவர்தான் இதற்கு நல்ல சோதனை: பக்கத்து வீட்டுக்குள் விடாவிட்டால் அதன் தடிமன் ஊகமே. மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவரில் அளந்தால் ஓரளவு பிடிபடும், ஆனால் கீழே அது இன்னும் தடித்திருக்கலாம். தூண்களிலும் கவனம். 1856இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையம் போன்ற தூண் வரிசையில் ஒன்றை வரைந்து நகலெடுப்பது எளிது. உப்புக் காற்று தின்ற அளவு தூணுக்குத் தூண் வேறு. வடிவத்தை நகலெடுத்தாலும் சேதக் குறிப்பைத் தனித்தனியாக எழுதுங்கள்.

ஓதம் ஏறிய உயரம், உப்புப் பூத்த பரப்பு, சுண்ணாம்புக் காறைக்கு மேல் பூசிய சிமென்ட் ஒட்டு, அரசங்கன்று வேர்: எல்லாவற்றையும் தேதியோடும் பட எண்ணோடும் பதியுங்கள். சிமென்ட் ஒட்டைக் கட்டாயம் குறியுங்கள். உள்ளிருக்கும் ஈரம் வெளியேற முடியாமல் உப்பு அதன் ஓரத்துச் செங்கலைத்தான் உதிர்க்கும்.

மாதிரியை ஐஎப்சியாகவும் (IFC) புள்ளித்திரளை இ57ஆகவும் (E57) மூன்று பிரதி வையுங்கள்; இரண்டும் பல மென்பொருள்களில் திறக்கும் பொதுக் கோப்பு வகைகள். ஒன்று வேறு கட்டடத்தில். ஐஎப்சியை வேறொரு மென்பொருளில் திறந்து, நீங்கள் சேர்த்த பண்புகள் வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஏற்றுமதி அமைப்பில் ஒரு பெட்டி டிக் ஆகாததால் அவை சத்தமில்லாமல் காணாமல் போவதுண்டு. விரிசல்களை அக்டோபரில் மழைக்கு முன் ஒருமுறை, ஜனவரியில் ஒருமுறை, அதே புள்ளிகளில் அளந்து மாதிரியில் ஏற்றுங்கள்.