மொபைல் மின்னஞ்சலுக்கான சர்வீஸ் அக்கவுண்ட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் குழுவில் அண்மையில் சேர்ந்த ஓர் இளைஞர், அலுவலகத்தின் மின்னஞ்சல் சர்வரான எக்ஸ்சேஞ்சைப் பணியாளர்களின் கைபேசிகளோடு இணைக்கும் வேலையை ஏற்றுக்கொண்டார். அதற்கென, பயனர் கணக்குகளையும் அவற்றின் உரிமைகளையும் வைத்திருக்கும் ஆக்டிவ் டைரக்டரியில் ஒரு சர்வீஸ் அக்கவுண்ட்டை (மனிதர் அல்லாமல் ஒரு நிரல் பயன்படுத்தும் கணக்கை) உருவாக்கியவர், அடுத்த நொடியே அதை டொமைன் அட்மின்ஸ் குழுவில், அதாவது டொமைன் எனப்படும் அலுவலக வலையமைப்பு முழுவதையும் நிர்வகிப்பவர்களின் குழுவில், சேர்த்துவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "முதலில் வேலை செய்யட்டும் சார், பிறகு குறைத்துக்கொள்ளலாம்" என்றார். 2007-இல், அலுவலக மடல்களைப் பிளாக்பெரி கைபேசிகளுக்குக் கொண்டுசெல்லும் பிளாக்பெரி எண்டர்பிரைஸ் சர்வரை முதன்முதலாக நிறுவியபோது நான் சொன்னதும் ஏறத்தாழ இதே வாக்கியம்தான் என்பதால் அவரைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை.

கடவுச்சொல் காலாவதியாவது, பெயரைத் தவறாகத் தட்டச்சிடுவது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவை பிழைச்செய்தியிலேயே தெரிந்துவிடும். செய்த அன்று சரியாக இருப்பதுபோல் தோன்றி, காரணம் வேறெங்கோ ஒளிந்திருக்க, நாள்கணக்கில் அலைக்கழிப்பவற்றைப் பற்றித்தான் எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் பிளாக்பெரி காலத்தவை. அந்தப் பழைய கைபேசிகளுக்கான சேவை 2022 ஜனவரி 4 அன்று நின்றுபோனாலும், அடியிலிருக்கும் ஆக்டிவ் டைரக்டரி அன்று நடந்துகொண்டபடியேதான் இன்றும் நடந்துகொள்கிறது.

டொமைன் அட்மின்ஸில் சேர்த்துவிடுவது

அதிகாரம் கூடினால் தடை குறையும் என்பது இயல்பான எண்ணம்தான். ஆனால் எக்ஸ்சேஞ்ச் அப்படி அமைக்கப்படவில்லை. எக்ஸ்சேஞ்ச் 2003 நிறுவப்படும்போதே, டொமைன் அட்மின்ஸ், எண்டர்பிரைஸ் அட்மின்ஸ் ஆகிய இரு குழுக்களுக்கும் பிறருடைய அஞ்சல்பெட்டியைத் திறக்கும் 'ரிசீவ் ஆஸ்' உரிமையும், பிறர் பெயரில் அனுப்பும் 'செண்ட் ஆஸ்' உரிமையும் மேல்மட்டத்திலேயே மறுக்கப்பட்டுவிடும். சர்வரைப் பராமரிப்பவர் பிறருடைய கடிதங்களைப் படிக்கலாகாது என்பதே அதன் நோக்கம். ஆகவே அந்தக் குழுவின் வலிமையை மட்டுமே நம்பி விடப்பட்ட சர்வீஸ் அக்கவுண்ட், எல்லாக் கதவுகளையும் திறக்கக்கூடியது போலத் தோன்றினாலும், அதற்குத் தேவையான அந்த ஒரு கதவின் முன்னால் மட்டும் நின்றுவிடுகிறது.

பிளாக்பெரி சர்வரின் கணக்குக்கு உண்மையில் வேண்டியிருந்தவை மிகச் சில: எக்ஸ்சேஞ்சைப் பார்வையிட மட்டும் அனுமதிக்கும் நிர்வாகப் பொறுப்பு, எக்ஸ்சேஞ்ச் சர்வர் மட்டத்தில் ரிசீவ் ஆஸ், செண்ட் ஆஸ், அஞ்சல்பெட்டிகளை வைத்திருக்கும் சேவையான இன்ஃபர்மேஷன் ஸ்டோரை நிர்வகிக்கும் உரிமை, பிளாக்பெரி நிறுவப்பட்ட அந்த ஒரு கணினியில் மட்டும் உள்ளக நிர்வாகி உரிமையும் சேவையாக உள்நுழையும் உரிமையும். இவற்றோடு, பயனர் கணக்குகளின் மேல் தனியாகத் தரவேண்டிய செண்ட் ஆஸ் உரிமை. பல வாரங்களை என்னிடமிருந்து பறித்துக்கொண்டது இந்தக் கடைசி உரிமைதான்.

கொடுத்த உரிமை ஒரு மணி நேரத்தில் காணாமல்போவது

முன்பெல்லாம் ஓர் அஞ்சல்பெட்டியின் மேல் முழு உரிமை பெற்ற கணக்கு, அதன் உரிமையாளர் பெயரில் மடலும் அனுப்பலாம். எக்ஸ்சேஞ்ச் 2003-க்கு 2006 வாக்கில் வந்த திருத்தம் இந்த இரண்டையும் பிரித்தது. அதன்பின், மடலைப் படிக்கும் உரிமை எக்ஸ்சேஞ்சிலும், அனுப்பும் உரிமை ஆக்டிவ் டைரக்டரியில் உள்ள ஒவ்வொரு பயனர் கணக்கின் மேலும் எனத் தனித்தனியாகத் தரப்பட வேண்டியதாயிற்று. வழக்கமான முறை எளியது. டொமைனின் உச்சியிலோ பயனர்கள் இருக்கும் நிறுவனப் பிரிவிலோ செண்ட் ஆஸ் உரிமையை ஒருமுறை கொடுத்து, அது பயனர் கணக்குகள் அனைத்துக்கும் வழிவழியாக இறங்கும்படி விட்டுவிட வேண்டும். நானும் அப்படியே செய்தேன். நூற்றுக்கும் மேற்பட்ட கைபேசிகளில் மடல்கள் வந்தன, போயின. ஒரே ஒருவருக்கு மட்டும் வந்தன, ஆனால் போகவில்லை.

அந்த ஒருவர் நிறுவனத்தின் பொது மேலாளர். அவர் விமான நிலையத்தில் உட்கார்ந்து எழுதும் ஒவ்வொரு பதிலின் அருகிலும் ஒரு சிவப்புப் பெருக்கல்குறி விழும். திறந்து பார்த்தால், மேசைக் கணினியின் மின்னஞ்சல் நிரலால் செய்தியைச் சமர்ப்பிக்க முடியவில்லை என்று இருக்கும். நான் அவருடைய கணக்கைத் திறந்து, செண்ட் ஆஸ் உரிமையை நேரடியாக அதன் மேலேயே எழுதினேன். இன்ஃபர்மேஷன் ஸ்டோர் தன் நினைவகத்தில் வைத்திருக்கும் பழைய உரிமைப் பட்டியலைக் கைவிட இரண்டு மணி நேரம்வரை ஆகலாம் என்று அறிந்திருந்தபடியால், பொறுமையின்றி அந்தச் சேவையை நிறுத்தித் தொடக்கினேன். பட்டப்பகலில் அலுவலகம் முழுவதும் அவுட்லுக் அறுந்தது. அவருடைய மடல் மட்டும் போயிற்று. வெற்றி என்று எழுதி, புகாரை முடித்துவைத்தேன்.

மாலைக்குள் சிவப்புப் பெருக்கல்குறி திரும்பிவிட்டது. கணக்கைத் திறந்து பார்த்தால் நான் எழுதிய வரியே அங்கு இல்லை. யாரோ விளையாடுகிறார்கள் என்று எண்ணி, உடன் பணியாற்றிய இருவரை விசாரித்தேன். அவர்கள்மேல் சந்தேகப்பட்டதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன். மறுநாளும் எழுதினேன், மறுநாளும் அழிந்தது. மூன்றாம் நாள் நிறுவனத்தின் பெரிய வாடிக்கையாளர் ஒருவருக்குப் போகவேண்டிய விலைப்புள்ளி கைபேசியிலேயே தங்கிவிட்டது. அதன்பின் நடந்த கூட்டத்தில் நான் பேசுவதற்கு ஒன்றுமில்லை.

அழித்தது ஆள் அன்று, ஆக்டிவ் டைரக்டரியேதான். டொமைன் அட்மின்ஸ் உள்ளிட்ட சில குழுக்களைப் பாதுகாக்கப்பட்டவை என்று அது கருதுகிறது. அட்மின்எஸ்டிஹோல்டர் என்ற ஒரு பொருளில் அக்குழுக்களின் உறுப்பினர்களுக்கான மாதிரி உரிமைப் பட்டியல் இருக்கிறது. ஆக்டிவ் டைரக்டரியை நடத்தும் சர்வர்களில் (டொமைன் கன்ட்ரோலர்களில்) பிடிசி எமுலேட்டர் என்ற பொறுப்பை வகிப்பது 60 நிமிடங்களுக்கு ஒருமுறை ஒவ்வோர் உறுப்பினரின் பட்டியலையும் அந்த மாதிரியோடு ஒப்பிட்டு, வேறுபட்டால் மாதிரியையே மேலே எழுதிவிடுகிறது. கூடவே, மேலிருந்து வழிவழியாக இறங்கும் உரிமைகளையும் அந்தக் கணக்குக்கு வராமல் துண்டித்து, அட்மின்கவுண்ட் என்ற பண்பில் 1 என்று குறித்துவைக்கிறது. டொமைன் உச்சியில் நான் கொடுத்த உரிமை அவருக்கு மட்டும் இறங்காமற்போனதற்கும், நேரடியாகக் கொடுத்தது மணிக்கொருமுறை மறைந்ததற்கும் காரணம் இதுதான்.

ஒரு பொது மேலாளர் எப்படி அந்தப் பட்டியலில் வந்தார்? அவருடைய அறையில் இருந்த அச்சுப்பொறியில் தேங்கும் வேலைகளை அவரே நீக்கிக்கொள்ளட்டும் என்று, எனக்கு முன்பிருந்த நிர்வாகி அவரைப் பிரிண்ட் ஆபரேட்டர்ஸ் குழுவில் சேர்த்திருந்தார். அச்சுப்பொறிக்கான குழுதானே என்று தோன்றும். ஆனால் அக்கவுண்ட் ஆபரேட்டர்ஸ், சர்வர் ஆபரேட்டர்ஸ், பேக்கப் ஆபரேட்டர்ஸ் ஆகியவற்றோடு அதுவும் பாதுகாக்கப்பட்ட குழுக்களில் ஒன்று. நேரடியாகச் சேர்க்கப்படாமல் ஒரு குழுவுக்குள் இன்னொரு குழுவாக மறைமுகமாக உறுப்பினராக இருந்தாலும் இதே விளைவுதான்.

அந்நாளில் பலர் பரிந்துரைத்த குறுக்குவழி ஒன்று உண்டு: அட்மின்எஸ்டிஹோல்டரின் மாதிரிப் பட்டியலிலேயே சர்வீஸ் அக்கவுண்ட்டுக்குச் செண்ட் ஆஸ் உரிமையைச் சேர்த்துவிடுவது. ஒரே கட்டளையில் சிக்கல் தீர்ந்துவிடும் என்பது உண்மை. ஆனால் அந்தக் கணக்கைக் கைப்பற்றுபவர் யாராக இருந்தாலும், டொமைனின் ஒவ்வொரு நிர்வாகியின் பெயரிலும் மடல் அனுப்பும் நிலை அப்போது வந்துவிடும். ஒருவருடைய அச்சுப்பொறிக்காக இவ்வளவு விலையா என்று யோசித்து, நான் அதைச் செய்யவில்லை.

செய்யவேண்டியது வரிசைப்படி இது. அவரை அந்தக் குழுவிலிருந்து நீக்குங்கள். நீக்கியதோடு விட்டுவிடாதீர்கள், ஏனெனில் அட்மின்கவுண்ட் பண்பும் துண்டிக்கப்பட்ட வழியும் தாமாகப் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. நீங்களே அந்தப் பண்பை அழித்து, கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் மேலிருந்து உரிமைகள் இறங்குவதை மீண்டும் அனுமதிக்க வேண்டும். உண்மையிலேயே நிர்வாக வேலை செய்பவர் என்றால், அவருக்கு அஞ்சல்பெட்டி இல்லாத தனி நிர்வாகக் கணக்கு ஒன்றைக் கொடுத்து, மின்னஞ்சலுக்குச் சாதாரணக் கணக்கையே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இது பழங்கதை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கைபேசிகளை எக்ஸ்சேஞ்சோடு இணைக்கும் ஆக்டிவ்சிங்க் வழியாக ஒரு நிர்வாகி தன் புதிய கைபேசியை இணைக்க முயன்று தோற்கும்போது, எக்ஸ்சேஞ்ச் சர்வரின் நிகழ்வுப் பதிவில் 1053 என்ற எண் விழும். பயனரின் கீழே கைபேசிக்கான பதிவை உருவாக்க எக்ஸ்சேஞ்சுக்கு உரிமை போதவில்லை என்பது அதன் பொருள். காரணம் அதே துண்டிக்கப்பட்ட வழிதான். எங்கள் இளைஞர் சென்ற வாரம் இதே எண்ணோடு என் மேசைக்கு வந்தார்.

சொந்தக் கணக்கில் நிறுவுவது

சர்வீஸ் அக்கவுண்ட்டுக்குப் பதிலாக உங்கள் கணக்கையே பயன்படுத்தினால், நீங்கள் வேலையை விட்டுப் போய் அது முடக்கப்படும் நாளில் எல்லோருடைய கைபேசியும் நின்றுபோகும்.

முகவரிப் பட்டியலில் மறைப்பது

சர்வீஸ் அக்கவுண்ட்டின் பெயரை அலுவலக முகவரிப் பட்டியலிலிருந்து மறைக்காதீர்கள். சர்வர் எக்ஸ்சேஞ்சோடு இணையப் பயன்படுத்தும் மேப்பி புரொஃபைல் அந்தப் பெயரைப் பட்டியலில் தேடித்தான் உறுதிசெய்கிறது. காணாவிட்டால் சேவை தொடங்காது.

ஒரு மனிதருக்கான வரம்பில் விட்டுவைப்பது

எக்ஸ்சேஞ்ச் 2010, ஒரு பயனர் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளும் இணைப்புகளுக்கு 20 என்று வரம்பு கட்டுகிறது. அவுட்லுக்கைத் திறந்துவைத்திருக்கும் ஒரு மனிதருக்கு அது தாராளம். முந்நூறு பேரின் அஞ்சல்பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் சர்வீஸ் அக்கவுண்ட்டுக்கு அது மூச்சுத்திணறல். பத்துப் பேரோடு சோதிக்கும்போது எதுவும் தெரியாது, எல்லோரையும் சேர்த்த பின்னரே மடல்கள் தாமதமாகத் தொடங்கும். அந்தக் கணக்குக்கென்று மட்டும் தனி த்ராட்டிலிங் (பயன்பாட்டு வரம்பு) கொள்கை ஒன்றை உருவாக்கி, அதில் வரம்பை நீக்குங்கள். பொதுக் கொள்கையைத் தளர்த்துவது சோம்பேறித்தனம்.

ஆள்மாற்று உரிமையை எல்லோர்மேலும் கொடுப்பது

பிளாக்பெரி ஒர்க் போன்ற இன்றைய செயலிகளுக்கு அறிவிப்பு அனுப்பும் சர்வர், பிற நிரல்கள் எக்ஸ்சேஞ்சோடு பேசும் வழியான எக்ஸ்சேஞ்ச் வெப் சர்வீசஸ் மூலம் பிறருடைய அஞ்சல்பெட்டியை அவர்களாகவே நடித்துத் திறக்கிறது. அதற்கு அப்ளிகேஷன் இம்பர்சனேஷன் என்ற பொறுப்பு வேண்டும். எல்லை குறிக்காமல் கொடுத்தால் அது நிறுவனத்தின் எல்லா அஞ்சல்பெட்டிகளுக்கும் பொருந்திவிடும். கைபேசி வசதி பெற்றவர்களை மட்டும் உள்ளடக்கும் மேனேஜ்மெண்ட் ஸ்கோப் (எல்லை வரையறை) ஒன்றை முதலில் உருவாக்கி, அதனோடு சேர்த்தே பொறுப்பைக் கொடுங்கள். மைக்ரோசாஃப்ட்டே இணையத்தில் நடத்தும் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் இந்தப் பொறுப்பையே மைக்ரோசாஃப்ட் 2025-இல் விலக்கிக்கொண்டுவிட்டதால், அங்கே பழைய குறிப்புகளைப் பார்த்துச் செய்யத் தொடங்காதீர்கள்.

அரைமணி நேரத்தில் சோதித்து முடிப்பது

உரிமை கொடுத்த உடனே ஒரு மடல் போயிற்று என்பதால் வேலை முடிந்துவிடவில்லை. மணிக்கொருமுறை ஓடும் அந்த ஒப்பீடு குறைந்தது இரண்டு முறையாவது நடந்தபிறகு மீண்டும் அனுப்பிப் பாருங்கள். சோதனைக்குத் தன் சொந்தக் கைபேசியை மட்டும் எடுத்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் நிர்வாகிகள். அவர்களுடைய கணக்கு பாதுகாக்கப்பட்டதாகையால், மற்ற எல்லோருக்கும் ஓடுவது அவர்களுக்கு மட்டும் ஓடாது, அதைப் பார்த்துச் சரியாக இருக்கும் அமைப்பைக் கலைத்துவிடுவார்கள். எந்தக் குழுவிலும் இல்லாத சாதாரணப் பணியாளர் ஒருவர், எப்போதோ ஒரு காலத்தில் ஏதேனும் ஆபரேட்டர்ஸ் குழுவில் இருந்து விலகியவர் ஒருவர் என்று இருவரையாவது வைத்துச் சோதியுங்கள். இரண்டாமவரைத் தேடுவது கடினமன்று: அட்மின்கவுண்ட் 1 என்றிருக்கும் கணக்குகளைப் பட்டியலிட்டால், யாரும் நினைவில் வைத்திராத பெயர்களெல்லாம் அதில் வரும்.