கனடாவுக்கு விமானத்தில் செல்வோர் பெற வேண்டிய மின்னணுப் பயண அனுமதி

சிங்கப்பூர், பிரிட்டன், பிரான்ஸ் போன்ற நாடுகளின் கடவுச்சீட்டை வைத்திருப்போர் விசா இல்லாமல் கனடா செல்லலாம் என்றாலும், விமானத்தில் செல்வதாக இருந்தால் இ.டி.ஏ. எனப்படும் மின்னணுப் பயண அனுமதியை முன்கூட்டியே பெற்றிருக்க வேண்டும். தரை வழியாகவோ கடல் வழியாகவோ நுழைவோருக்கு இது தேவையில்லை.

கனடா அரசின் அதிகாரப்பூர்வ இணையதளத்திலேயே விண்ணப்பியுங்கள். கட்டணம் 7 கனடிய டாலர்தான். அதைவிடப் பல மடங்கு கேட்கும் இடைத்தரகர் தளங்களும் உண்டு என்பதால், முகவரியைச் சரிபார்த்த பிறகே அட்டை விவரங்களைக் கொடுங்கள். குழந்தைகள் உட்பட ஒவ்வொருவருக்கும் தனி விண்ணப்பம் தேவை.

மிகுந்த கவனம் தேவைப்படுவது கடவுச்சீட்டு எண்ணை நிரப்பும்போதுதான். அனுமதி அந்த எண்ணுடன் மின்னணு முறையில் இணைக்கப்படுவதால், பூஜ்ஜியத்துக்குப் பதிலாக 'ஓ' என்ற ஆங்கில எழுத்தை இட்டுவிட்டால்கூட விமானத்தில் ஏற முடியாமல் போகலாம். அனுமதி 5 ஆண்டுகளுக்கு அல்லது கடவுச்சீட்டு காலாவதியாகும் வரை, இவற்றில் எது முந்தையதோ அதுவரை செல்லும். புதிய கடவுச்சீட்டு வாங்கினால் மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும்.

பெரும்பாலோருக்குச் சில நிமிடங்களில் மின்னஞ்சலில் பதில் வந்துவிடும். ஆனால் கூடுதல் ஆவணங்கள் கேட்கப்பட்டால் பல நாட்கள் ஆகலாம் என்பதால், பயணச்சீட்டு வாங்கும் முன்பே விண்ணப்பிப்பது நல்லது. கனடியக் குடியுரிமையும் உள்ள இரட்டைக் குடியுரிமையாளர்கள் இதற்கு விண்ணப்பிக்க முடியாது. அவர்கள் பொதுவாகக் கனடியக் கடவுச்சீட்டுடனேயே பயணம் செய்ய வேண்டும்.