வெள்ளிக்கிழமையை விடாதீர்கள்: சாலிட் சவுண்ட் விழாவுக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு

சாலிட் சவுண்ட் விழாவுக்குத் தேதி அறிவித்ததும் தெரிந்தவர்கள் கேள்வி கேட்கத் தொடங்கிவிடுவார்கள். தண்ணீர் பாட்டில் கொண்டுபோகலாமா, என்ன செருப்பு போடுவது, வெயில் எப்படி இருக்கும் என்றெல்லாம் கேட்பார்கள். அவற்றை இங்கே எழுதப்போவதில்லை. இரண்டு நாள் வெளியே சுற்றியவர் எவருக்கும் அது தானாகத் தெரியும். நான் எழுத வந்தது வேறு தவறுகளைப் பற்றி. தொடக்கத்தில் எங்கள் கூட்டமே செய்தவற்றை, புதிதாக வரும் பிள்ளைகள் அப்படியே திரும்பச் செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக ஒரு அறிமுகம். சிகாகோவைச் சேர்ந்த வில்கோ என்ற ராக் குழு 2010-இல் தொடங்கிய விழா இது. மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், பெர்க்‌ஷயர் மலைகளுக்கு நடுவே, நார்த் ஆடம்ஸ் என்ற சிற்றூரில் நடக்கிறது. இடம் மாஸ் மோக்கா என்ற நவீனக் கலை அருங்காட்சியகம். யார் பாட வேண்டும், யார் படம் வரைய வேண்டும், யார் நகைச்சுவை பேச வேண்டும் என்பதையெல்லாம் குழுவே தேர்ந்தெடுக்கிறது. 2010, 2011 என்று அடுத்தடுத்து நடந்தது. பிறகு 2013, 2015, 2017, 2019 என்று ஓராண்டு விட்டு ஓராண்டு. கொரோனாவால் ஓர் இடைவெளி விழுந்து, 2022-இலும் 2024-இலும் நடந்தது.

ஒரு குழுவே விழாவைத் தொகுப்பது இவர்கள் கண்டுபிடித்ததில்லை. 1999 ஏப்ரலில் பெல் அண்ட் செபாஸ்டியன் குழு இங்கிலாந்தின் கேம்பர் சாண்ட்ஸ் கடற்கரையில், ஒரு விடுமுறைக் குடியிருப்பையே எடுத்து இப்படி ஒரு வார இறுதியை நடத்தியது. அதிலிருந்துதான் 'ஆல் டுமாரோஸ் பார்ட்டீஸ்' விழாக்கள் முளைத்தன. அமெரிக்காவில் தி நேஷனல் குழு சின்சினாட்டியில் நடத்தியதும் இதே வகைதான். இவற்றில் எதற்குப் போனாலும் நான் கீழே சொல்வதில் பாதியாவது பொருந்தும்.

வில்கோவை மட்டும் பார்க்கப் போவது

சனிக்கிழமை இரவு எட்டரைக்கு வில்கோ மேடை ஏறும் நேரம் பார்த்து வந்து, முடிந்ததும் கிளம்பிவிடுகிறார்கள். வில்கோ உங்கள் ஊருக்கே வரும். சிகாகோ, பாஸ்டன், நியூயார்க் என்று எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும் குழு அது. அவர்களை மட்டும் கேட்க இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை.

இங்கே வருவது அவர்கள் யாரைக் கேட்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான். முதல் ஆண்டில் காஸ்பல் பாடகி மேவிஸ் ஸ்டேபிள்ஸ் பாடினார். வில்கோவின் பாடகர் ஜெஃப் ட்வீடி அப்போதுதான் அவருக்கு ஒரு ஆல்பம் தயாரித்து முடித்திருந்தார். 2011-இல் லெவன் ஹெல்ம் தன் குழுவோடு வந்தார். தி பேண்ட் குழுவின் டிரம்மர், அந்தக் குழுவின் குரல்களில் ஒருவர். அவர் பெயர் தெரியாததால் அந்த நேரத்தில் சாப்பிடப் போனவர்கள் உண்டு. 2012 ஏப்ரலில் அவர் இறந்துபோனார். பெயர் தெரியாத ஒருவருடைய நிகழ்ச்சியை விடுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வில்கோ உறுப்பினர்களின் தனி முயற்சிகளும் இங்கேதான் ஒரே இடத்தில் கிடைக்கும். ஜான் ஸ்டிராட்டும் பேட் சான்சோனும் சேர்ந்த 'தி ஆட்டம் டிஃபென்ஸ்' என்ற குழு, டிரம்மர் க்ளென் கோச்சேயின் தாள வாத்திய நிகழ்ச்சிகள், கிட்டார் கலைஞர் நெல்ஸ் க்ளைன் தன் ஜாஸ் நண்பர்களோடு வாசிப்பது எல்லாம் பெரும்பாலும் பகலில், செங்கல் கட்டடங்களுக்கு நடுவிலுள்ள முற்றங்களில் நடக்கும். பெரிய மைதானத்தில் மாலையில் கேட்கும் கிட்டாரை அதே கைகள் மதியம் எப்படி வாசிக்கின்றன என்று சில அடி தூரத்திலிருந்து பார்க்கலாம். எனக்கு இந்த விழாவில் மிகவும் பிடித்த மணி நேரங்கள் அவைதான்.

அறை கிடைக்கும் என்று நம்புவது

நார்த் ஆடம்ஸில் ஏறத்தாழ 13,000 பேர் வசிக்கிறார்கள். அந்த ஊருக்கு ஒரே மாலையில் ஆயிரக்கணக்கானோர் வந்து இறங்குவார்கள். தேதி அறிவித்த அன்றே அறை போட வேண்டும், கலைஞர்கள் பட்டியல் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உள்ளூரில் கிடைக்காவிட்டால் பக்கத்திலுள்ள வில்லியம்ஸ்டவுன், ஆடம்ஸ், தெற்கே பிட்ஸ்ஃபீல்ட், எல்லை தாண்டி வெர்மாண்டின் பென்னிங்டன் என்ற வரிசையில் தேடுங்கள். தூரத்தில் தங்கினால் இரவு பதினோரு மணிக்கு மேல் மலைப்பாதையில் யார் ஓட்டப்போகிறார் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். அந்த ஒருவர் குடிக்கக் கூடாது.

வெள்ளிக்கிழமையைப் பயண நாளாக நினைப்பது

இதைத்தான் நான் விரிவாக எழுத வேண்டும். எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடக்கும் தவறு இது. இன்னும் எனக்குக் கோபம் வருகிறது.

விழா வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாள். நிகழ்ச்சி அட்டவணையைப் பார்த்தால் சனிக்கிழமை முழுக்க நிரம்பி வழியும். ஞாயிறும் கிட்டத்தட்ட அப்படியே. வெள்ளிக்கிழமை மட்டும் மெலிந்து தெரியும்: பிற்பகலுக்கு மேல் கதவு திறப்பார்கள், இரண்டு மூன்று குழுக்கள், கடைசியில் வில்கோ. சனிக்கிழமையும் கடைசியில் வில்கோ. புதிதாக வருகிறவர் இதைப் பார்த்து ஒரு கணக்குப் போடுகிறார்: 'இரண்டு நாளும் அதே குழுதானே, ஒரு நாள் பார்த்தால் போதாதா? அலுவலகத்தில் ஒரு நாள் விடுப்பு மிச்சம்.' பார்வைக்கு நியாயமான கணக்குதான், ஆனால் முழுக்கத் தவறு.

சனிக்கிழமை வில்கோ வாசிப்பது வழக்கமான கச்சேரி. நன்றாக இருக்கும், சந்தேகமே இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமை வேறு எங்கும் வாசிக்காததை வாசிப்பார்கள். 2013 வெள்ளிக்கிழமை, ரசிகர்கள் கேட்டு அனுப்பிய பாடல்கள். அநேகமாக எல்லாம் பிறருடையவை. டெலிவிஷன் குழுவின் பத்து நிமிடப் பாடல் ஒன்றை, அந்த இரண்டு கிட்டார் பின்னலோடு முழுதாக வாசித்தார்கள். 2015 வெள்ளிக்கிழமை முழுக்க மின்சார கிட்டார் இல்லாத அகூஸ்டிக் வாத்தியங்கள். 2017-இல் இரண்டு ஆல்பங்களை ஒரே இரவில் தொடக்கம் முதல் முடிவு வரை வாசித்தார்கள். அதில் ஒன்று இரட்டை ஆல்பம். 2019-இல் ரசிகர்களையே மேடைக்கு அழைத்துப் பாடவிட்டு, குழு பின்னால் நின்று வாசித்தது. 2022-இல் அன்று காலையில்தான் வெளியான புதிய ஆல்பத்தின் பாடல்களை அன்றிரவே மேடையில் கேட்டோம்.

ஏன் வெள்ளிக்கிழமை இப்படி? நான் புரிந்துகொண்ட வரையில் காரணம் கூட்டம்தான். சாதாரண ஊரில் கச்சேரி என்றால் பாதிப் பேர் இரண்டு மூன்று பாடல்களுக்காக வந்திருப்பார்கள். அவற்றை வாசிக்காமல் இறங்க முடியாது. இங்கே வருகிறவர்களுக்கு எல்லாப் பாடலும் தெரியும். அதனால் குழுவுக்கு ஒரு சுதந்திரம். தெரிந்த பாடல்களுக்கு மறுநாள் இருக்கவே இருக்கிறது, இன்று எதை வேண்டுமானாலும் முயன்று பார்க்கலாம். அந்த முயற்சி தடுமாறும் இடங்கள்கூட அழகாக இருக்கும். ரசிகர்கள் பாடிய அந்த 2019 கரோக்கி இரவில் நடுங்கிக்கொண்டே மேடை ஏறிய ஒருவர் இரண்டாவது வரியில் நிமிர்ந்ததும் மைதானமே அவரோடு சேர்ந்து பாடியது. அவருக்காக முன்பின் தெரியாதவர்கள் கண் கலங்கினார்கள்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். 2013-இல் நியூஜெர்சியிலிருந்து ஒரு நண்பரும் அவர் மனைவியும் வருவதாக ஏற்பாடு. வில்கோவின் தீவிர ரசிகர் அவர். ஆல்பத்தின் பெயரைச் சொன்னால் அடுத்து அடுத்து பாடல் வரிசையைச் சொல்வார். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஒரு மீட்டிங் இருந்தது. 'முடித்துவிட்டு நேராகக் கிளம்பினால் ஒன்பதுக்கு வந்துவிடுவேன்' என்றார். நான் படித்துப் படித்துச் சொன்னேன். வெள்ளிக்கிழமை மாலை அந்தப் பகுதியில் ஊரே வடக்கே கிளம்பும். டாகோனிக் பார்க்வே குறுகலான, வளைவான பழைய சாலை; ஒரு விபத்து நடந்தால் அவ்வளவுதான். அன்று அதுதான் நடந்தது. காரை நிறுத்திவிட்டு அவர் ஓடிவந்தபோது கூட்டம் எதிரே வெளியேறிக்கொண்டிருந்தது. எல்லோர் முகத்திலும் சிரிப்பு. யாரைப் பார்த்தாலும் 'அதைக் கேட்டாயா, இதைக் கேட்டாயா' என்ற பேச்சு. அவர் ஒன்றும் சொல்லாமல் நுழைவுக்கான கைப்பட்டை வாங்கும் வரிசை எங்கே என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் காலை காபி வரிசையிலும் அதே பேச்சுதான். இதைப் புதியவர்கள் யோசிப்பதே இல்லை. வெள்ளி இரவு ஒன்றாகக் கேட்டவர்களுக்கு அடுத்த இரண்டு நாளும் அதுதான் பேச்சு. அதை வைத்துத்தான் பக்கத்தில் நிற்பவரோடு பழக்கமே வரும். தவறவிட்டவர் ஞாயிறு வரைக்கும் அந்தப் பேச்சுக்கு வெளியே நிற்பார். வீடியோ பார்த்துக்கொள்ளலாமே என்பார்கள். பார்க்கலாம், ஆனால் யாரோடு பார்ப்பீர்கள்?

இதை இவ்வளவு பேசியும், கடந்த முறை ஒரு தம்பி வந்து, "அக்கா, வெள்ளிக்கிழமை டிராவல் டேதானே?" என்று கேட்டான். அதற்காகத்தான் இதை எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

செய்ய வேண்டியது எளிது. வெள்ளிக்கிழமை முழு நாளும் விடுப்பு எடுங்கள், அரை நாள் போதாது. நியூயார்க் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் பயணத்துக்கு நான்கு மணி நேரம், தாமதத்துக்கு இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டு காலையிலேயே கிளம்புங்கள். பாஸ்டனிலிருந்து ரூட் 2 வழியாக வந்தால் ஊருக்குச் சற்று முன்னால் செங்குத்தான கொண்டை ஊசி வளைவு ஒன்று வரும். அதை வெளிச்சத்தில் கடப்பது நல்லது. விமானத்தில் வருகிறவர்கள் வியாழன் இரவே ஆல்பனியில் இறங்கிவிடுங்கள். அங்கிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். நார்த் ஆடம்ஸுக்கு ரயில் கிடையாது. மதியத்துக்குள் வந்துசேர்ந்தால் கைப்பட்டை வாங்கி, சாப்பிட்டு, மைதானம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்து நிதானமாக நிற்கலாம்.

விடுப்பு கிடைக்கவே கிடைக்காது என்றால் திங்களை விட்டுவிட்டு வெள்ளியைக் கேளுங்கள். ஞாயிறு இரவு முழுக்கக் காரோட்டி வீடு திரும்பிக்கூட வேலைக்குப் போய்விடலாம்.

அருங்காட்சியகத்துக்குள் போகாமல் திரும்புவது

விழா டிக்கெட்டிலேயே காட்சிக்கூடங்களுக்கும் அனுமதி உண்டு. பலர் கழிப்பறையைத் தேடித்தான் உள்ளே போகிறார்கள். ஏழாம் எண் கட்டடத்தில் சோல் லிவிட் என்ற கலைஞரின் 105 சுவரோவியங்கள் மூன்று தளங்களில் இருக்கின்றன. அவர் எழுதிவைத்த குறிப்புகளை வைத்து மற்றவர்கள் நேரடியாகச் சுவரில் வரைந்தவை அவை. 2008-இல் திறந்தது, 2043 வரை இருக்கும். ஆறாம் எண் கட்டடத்தில் ஒளியையே கலையாக்கும் ஜேம்ஸ் டரெலின் ஒளி அறைகள் உள்ளன. முன்பதிவு தேவைப்படுவதும் அவற்றில் உண்டு. விழா நாள்களில் இடம் உடனே தீர்ந்துவிடும் என்பதால் முதல் வேலையாக அதை விசாரியுங்கள்.

கட்டடங்களையே பாருங்கள். முதலில் துணியில் அச்சிடும் ஆலை. 1942-இலிருந்து ஸ்ப்ரேக் எலக்ட்ரிக் நிறுவனம். 1985-இல் அது மூடியபோது ஊரே வேலை இழந்து நின்றது. அருங்காட்சியகமாகத் திறந்தது 1999-இல்தான். ஸ்ப்ரேக் தயாரித்தது மின்தேக்கிகள் (கெபாசிட்டர்). பழைய மின்சார கிட்டார்களையும் ஆம்ப்ளிஃபயர்களையும் பழுது பார்ப்பவர்கள் இன்றும் அந்தப் பெயரைத் தேடி வாங்குகிறார்கள். அந்த நிறுவனத்தின் முற்றத்தில் நின்று நெல்ஸ் க்ளைன் வாசிப்பதைக் கேட்கிறோம் என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் சிலிர்ப்பைத் தரும்.

முன்வரிசையைக் காலையிலேயே பிடிப்பது

வேண்டாம். பகல் முழுக்க ஒரே இடத்தில் நின்றால் முற்றத்தில் நடப்பது எல்லாம் போய்விடும். கூட்டம் சிறியது, கச்சேரி தொடங்கச் சற்று முன் வந்தாலே மேடை நன்றாகத் தெரியும்.

குடை

மழைக்கோட்டு கொண்டுவாருங்கள். குடை பின்னால் நிற்பவர் கண்ணைக் குத்தும்.

ஸ்வெட்டர் இல்லாமல் வருவது

ஜூனிலும் மலையில் இரவு குளிரும்.

குழந்தைகளின் காது

குடும்பத்தோடு வருகிறவர்கள் இங்கே நிறைய, பிள்ளைகளுக்குத் தனி நிகழ்ச்சிகளும் இருக்கும். அழைத்து வாருங்கள், மகிழ்ச்சியாக இருப்பார்கள். ஆனால் காதை முழுதாக மூடும் காதுக் கவசம் கட்டாயம் வேண்டும், பஞ்சு போதாது. தோளில் உட்கார வைத்தால் ஒலிபெருக்கியின் நேர்கோட்டில் இருப்பது குழந்தையின் தலைதான்.

ஞாயிறு மதியம் கிளம்புவது

சமீபத்திய விழாக்களில் ஞாயிறு கடைசியில் ஜெஃப் ட்வீடி தன் நண்பர்களோடு பாடுகிறார். மகன் ஸ்பென்சர் டிரம்ஸ் வாசிப்பதுண்டு, அந்த வார இறுதியில் வந்த மற்றக் கலைஞர்களும் மேடை ஏறிச் சேர்ந்துகொள்வார்கள். காரை முன்கூட்டியே எடுத்துவிட்டால் நெரிசலில் அரை மணி நேரம் மிச்சமாகும், அவ்வளவுதான். அதற்காக இதை விடாதீர்கள்.