எலும்புச் செல்களுக்கு நடுவே என்ன இருக்கிறது? வரைந்தே புரிந்துகொள்ளலாம்

எலும்பைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது நானும் மூன்று செல்களை வரைந்து, நடுவில் அம்புக்குறி போட்டுவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவேன். அந்த அம்புக்குறி எதன் வழியாகப் போகிறது என்று யோசித்ததே இல்லை. அங்கேதான் புரோட்டியோகிளைக்கான்கள், அதாவது சர்க்கரைச் சங்கிலிகள் தொங்கும் புரதங்கள், இருக்கின்றன. ஒரு தாள், பென்சில், ரப்பர் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: செல்களைச் சின்னதாக வரையுங்கள்

எலும்பின் மேற்பரப்பில் இரண்டு செல்கள்: எலும்பைக் கட்டும் ஆஸ்டியோபிளாஸ்ட், அதைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட். எலும்புக்கு உள்ளே, நீண்ட கைகளோடு ஆஸ்டியோசைட். பெரியவர்களின் எலும்புச் செல்களில் 90 சதவீதத்துக்கு மேல் இந்த மூன்றாவது வகைதான். இடைவெளியைத் தாராளமாக விடுங்கள்.

படி 2: ஒரு புரோட்டியோகிளைக்கான்

ஒரு குச்சி போடுங்கள், அது புரதம். அதிலிருந்து தொங்கும் நூல்கள் நீளமான சர்க்கரைச் சங்கிலிகள். இவற்றில் பல வகை உண்டு: டெக்கோரின் என்ற வகைக்கு ஒரு நூல், பைகிளைக்கான் என்ற வகைக்கு இரண்டு. (குருத்தெலும்பில் இருக்கும் அக்ரிகானுக்கு நூறுக்கு மேல், அதை வரைய உட்கார்ந்தால் பொழுது போய்விடும்.)

இனி நூல் நெடுக கழித்தல் குறி போடுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள், ஆனால் விஷயமே இதில்தான் இருக்கிறது. சங்கிலியில் உள்ள சல்பேட்டுகளுக்கு எதிர்மின் சுமை. அதனால் நீரும் கால்சியமும் ஒட்டுகின்றன, செல்கள் அனுப்பும் பல செய்திப் புரதங்களும் வந்து மாட்டிக்கொள்கின்றன.

படி 3: அதனதன் இடத்தில் வையுங்கள்

கொலாஜன் என்ற புரத இழைகளைக் கயிறு மாதிரி வரைந்து, அதன் மேல் டெக்கோரினையும் பைகிளைக்கானையும் ஒட்டுங்கள். இன்னும் இரண்டு வகைகள் செல்லோடு ஒட்டியிருக்கும். சிண்டெக்கான் செல் சவ்வை ஊடுருவி நிற்கும். கிளிப்பிக்கான் சவ்வின் வெளிப்புறத்தில் நங்கூரமிட்டு உட்காரும். இவை இரண்டிலும் தொங்குவது பெரும்பாலும் ஹெபரான் சல்பேட் சங்கிலி.

படி 4: செய்திகளைப் புள்ளிகளாக வையுங்கள்

ஆஸ்டியோகிளாஸ்ட் உருவாக ராங்க்-எல் என்ற புரதம் வேண்டும். அதைத் தடுக்க ஆஸ்டியோபிளாஸ்டே ஆஸ்டியோபுரோட்டெஜெரின் என்ற இன்னொன்றைச் சுரக்கிறது. சுரந்தது மிதந்து போய்விட்டால் என்ன பயன்? ஆஸ்டியோபிளாஸ்டின் மேல் உள்ள ஹெபரான் சல்பேட் அதைப் பிடித்துப் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறது. ஆஸ்டியோபிளாஸ்டில் இந்தச் சங்கிலி உருவாகாதபடி செய்த சுண்டெலிகளில் ஆஸ்டியோகிளாஸ்ட்கள் பெருகி எலும்பு குறைந்தது.

அப்புறம் ஆஸ்டியோசைட்டின் கைக்குப் போங்கள். கைக்கும் அது நுழைந்திருக்கும் குழாயின் சுவருக்கும் நடுவே மெல்லிய நூல்கள் கட்டுங்கள். அது பெர்லெகான் என்ற இன்னொரு புரோட்டியோகிளைக்கான். எலும்பின் மேல் சுமை ஏறும்போது குழாய்க்குள் திரவம் ஓடி இந்த நூல்களை இழுக்கிறது. செல் அதை உணர்கிறது. பெர்லெகான் குறைந்த சுண்டெலிகளில், சுமை ஏற்றினாலும் புது எலும்பு சேர்வது குறைவு.

படி 5: ரப்பரை எடுங்கள்

முதலில் பைகிளைக்கானை மட்டும் அழியுங்கள். 1998-ல் இப்படி உருவாக்கிய சுண்டெலிகள் பிறக்கும்போது சாதாரணமாகத்தான் இருந்தன. வளர வளர எலும்பு மெலிந்தது. சரி, டெக்கோரினையும் அழித்துவிடுங்கள். வளர்ச்சிக் காரணியான டிஜிஎஃப்-பீட்டாவைப் பிடித்துவைக்க இப்போது ஆள் இல்லை. அது அளவுக்கு மீறி எலும்பு மஜ்ஜையின் மூலச் செல்களைத் தூண்ட, அவை ஆஸ்டியோபிளாஸ்ட் ஆவதற்கு முன்பே மடிகின்றன. உங்கள் தாளில் கட்டும் செல்லையும் பாதி அழித்துவிடுங்கள்.